கஜா கடித்த நாட்கள்

2018 டிசம்பர் 10, திங்கள்

கஜா புயல் அடித்த வருடம் இது. கலைஞர் கண்ணை மூடிய வருடம். மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று ஊரெல்லாம் பேச, எங்கள் வாய்க்காலில் தண்ணீரைக் காணாமல் நின்ற வருடம். புயல் போய் இருபத்து நான்கு நாளாகியும் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. தென்னைகள் எல்லாம் கிழக்கே தலைவைத்துப் படுத்துக் கிடக்கின்றன.

என் பெயர் வைரக்கண்ணு. வேதாரண்யம் உப்பளத்தில் பத்து வயதில் இறங்கி, எழுபதில் ஏறினேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மருமகள் இந்திராணி எழுதுகிறாள். மகன் குவைத்தில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனைக்குட்டியும்தான்.

புயலுக்கு இரண்டாம் நாள், சரிந்து கிடந்த ஓட்டுக்கு அடியிலிருந்து எடுத்த குட்டி அது. தாயும் மூன்று குட்டிகளும் நசுங்கிக் கிடந்தன. இது மட்டும் கத்தியது. நிவாரணத்தில் வந்த பால்மாவைக் கரைத்துத் துணியில் நனைத்துக் கொடுத்தேன். சாம்பலில் கறுப்பு வரி போட்ட பொட்டைக் குட்டி. இந்திராணி அதற்குக் கஜா என்று பெயர் வைத்தாள். "வந்ததுலேர்ந்து வீட்டைப் பிரிச்சு மேயுதுல்ல, வேற என்ன பேரு வைக்கிறது" என்றாள்.

நேற்று அது அவள் புறங்கையில் பல்லை இறக்கிவிட்டது. அவள் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். கை ஆடியதைப் பார்த்துப் பாய்ந்திருக்கிறது. நான்கு ஓட்டை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி போட்டார்கள். இன்னும் மூன்று ஊசி உண்டாம். எப்போது கடித்தது, எங்கே கடித்தது, குட்டி எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். அதற்காகத்தான் உரக்கடைக்காரர் கொடுத்த டைரியை இந்திராணி எடுத்திருக்கிறாள். போன வருட டைரி. கிழமை பொருந்தாது. மேலே அடித்து எழுதிக்கொள்கிறாள்.

டிசம்பர் 11

காலையில் கட்டில் கயிற்றைப் பிறாண்டியது. பிறகு என் கால் பெருவிரல். கடி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12, புதன்

எழுத ஒன்றும் இல்லை என்றேன். இருக்கிறது என்கிறாள் இந்திராணி. அவள் சொல்வதையும் எழுதட்டும்.

மத்தியானம் நான் கட்டிலில் உட்கார்ந்து, விழுந்து கிடக்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையைக் குட்டி கட்டிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. முன்காலால் அணைத்துக்கொண்டு பின்காலால் உதைக்கும். தினமும் நடப்பதுதான். இந்திராணி கருவாடு காயவைக்க வந்தவள் கத்தினாள்.

"மாமா! என்னா மாமா இது, ரத்தம்!"

குனிந்து பார்த்தேன். கட்டில் சட்டத்தில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் குட்டி பல்லை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்ல தாயி."

"எத்தனை நாளா இப்புடிக் கையைக் குடுக்குறீங்க?"

"வந்ததுலேர்ந்துதான்."

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்ப எனக்கு ஊசி போடவெச்சது குட்டி இல்ல. நீங்க."

என் கை உப்புக் கை. அறுபது வருடம் உப்புத் தண்ணீரில் பலகை பிடித்து வாரிய கை. உள்ளங்கையும் விரலும் பனங்கருக்கு மாதிரி ஆகிவிடும். சுடுசோற்றைப் பிசைவோம், அடுப்புக் கங்கை எடுத்துப் போடுவோம். பீங்கான் ஓடு குத்தினால் நடந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 14, வெள்ளி

நேற்று இரண்டாவது ஊசி. இன்று கால்நடை மருத்துவமனைக்கு, குட்டியை மீன்கூடையில் போட்டு மூடி, கொண்டுபோனோம். கூரைத் தகரம் பறந்துபோய்த் தார்ப்பாய் கட்டியிருந்தது. இடுப்பொடிந்த மாடுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டியோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் முகம் சுளிக்கவில்லை.

"பெரியவரே, இது தனியா வளந்த குட்டியா?"

"கூடப் பொறந்ததெல்லாம் ஓட்டுக்கடியில போச்சும்மா."

"அதான் விஷயம். குட்டிங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சுத்தான் விளையாடும். ஒண்ணு பலமாக் கடிச்சா இன்னொண்ணு கத்தும், விளையாட்டை விட்டுட்டுப் போயிரும். அப்பதான் கடிச்சதுக்குப் புரியும், இவ்வளவு அழுத்தினா வலிக்கும்னு. தாயும் ஒரு தட்டு தட்டும். இதுக்குச் சொல்லித்தர ஆளே இல்ல."

இந்திராணி என் கையைப் பிடித்து நீட்டினாள். "இந்தக் கையிலதாம்மா கடிச்சுப் பழகியிருக்கு."

டாக்டரம்மா என் உள்ளங்கையை விரலால் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. சிரித்துவிட்டு, "இதுல எவ்வளவு கடிச்சாலும் பதில் வராதே. மனுஷங்க கை எல்லாமே இப்படித்தான்னு அது நினைச்சுக்கிச்சு" என்றார்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். கையை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கக் கூடாது. கயிற்று நுனியில் கந்தல் கட்டி ஆட்டவேண்டும். பல் பட்டால் அடிக்கக் கூடாது, முகத்தில் ஊதக் கூடாது, கையை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. இழுத்தால் ஓடுகிற எலி என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நிறுத்தி, 'ஆ' என்று ஒரு சத்தம் கொடுத்து, அது விட்டதும் எழுந்து போய்விடவேண்டும். நன்றாக ஓடி விளையாடவிட்டுப் பிறகு தீனி வைத்தால் தூங்கிவிடும். பிறாண்டுவதற்கு ஒரு கட்டை வைக்கவேண்டும். நக நுனியையும் அவரே நறுக்கிக் காட்டினார்.

"எனக்குத்தான் பல் பட்டாத் தெரியாதேம்மா" என்றேன்.

"கண்ணு தெரியுதுல்ல? பாத்துச் சொல்லுங்க."

டிசம்பர் 15

விழுந்த தென்னையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டு அறுத்து நிறுத்தி, கயிறு சுற்றி வைத்தேன். குட்டி முதலில் முகர்ந்தது. பிறகு ஏறி நின்று பிறாண்டியது. கட்டில் கயிறு பிழைத்தது.

டிசம்பர் 17, திங்கள்

மூன்றாவது ஊசி. இன்னும் ஒன்றுதான். கை வீக்கம் வடிந்துவிட்டது.

'ஆ' சொல்லிப் பழகினேன். வரவில்லை. இந்திராணி எதிரே உட்கார்ந்து கோணி ஊசியை என் கையில் வைத்து, "இப்ப... இப்ப..." என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாயைத் தொறங்க மாமா. பல்லு டாக்டரா கூப்புடுறாரு, இவ்வளவு யோசிக்கிறீங்க?"

"ஆ" என்றேன்.

"பள்ளிக்கூடத்துப் புள்ள ரெண்டாவது எழுத்து படிக்கிற மாதிரி இருக்கு. நோவணும் மாமா. நோவுற மாதிரி சொல்லுங்க."

அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 19

இன்று மின்சாரம் வந்தது. தெருவே கூவியது. குட்டி பயந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

டிசம்பர் 22, சனி

இந்திராணியின் மகள், என் பேத்தி கௌசல்யா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். பொங்கலுக்கு வருகிறாளாம், கைக்குழந்தையோடு. நிலவரசிக்குப் பத்து மாதம். தவழ்கிறாள், எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கிறாளாம்.

போனை வைத்ததும் இந்திராணி சொன்னாள்: "மாமா, இப்பவே சொல்லிப்புட்டேன். பொங்கலுக்குள்ள இது பல்லை அடக்கணும். இல்லேன்னா கோடியக்கரையில மீன் எறக்குற எடத்துல கொண்டுபோயி விட்டுருவேன்."

"அங்க நாய் கெடக்கும்மா. ஒரு நாள் தாங்காது."

"எனக்குப் பேத்தி இருக்கு."

இருபத்து நான்கு நாள் இருக்கிறது.

டிசம்பர் 23

கடி மூன்று. எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. அவளுக்குத் தோல் கிழியவில்லை. அவள் கத்தினாள், குட்டி உடனே விட்டது. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன், விடவே இல்லை.

டிசம்பர் 26, புதன்

சுனாமி நினைவு நாள். கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் போவதில்லை. எங்கள் வெள்ளம் அதற்கு முந்தியது. எழுபத்தேழில், தீபாவளி முடிந்த கையோடு வந்தது. அதில் என் மகள் பூங்காவனத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது. இது இந்திராணிக்குத் தெரிந்த கதைதான், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதச் சொன்னேன்.

"அத்தை சாவுற வரைக்கும் தேடினாங்களே மாமா" என்றாள்.

ஆமாம். என் பெண்சாதி தையல்நாயகி தேடினாள். பிணம் கிடைக்கவில்லை என்றால் உயிரோடு எங்காவது கரை ஏறியிருக்கும் என்றாள். யாராவது எடுத்து வளர்த்திருப்பார்கள் என்றாள். முப்பத்தொரு வருடம், வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெண்ணுக்கு வயது ஏறுவது போல அவள் பார்க்கிற முகங்களுக்கும் வயது ஏறியது. முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு குமரிகளை. கடைசியில் இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்களை.

குட்டி இன்று கடிக்கவில்லை.

டிசம்பர் 28

கந்தல் கட்டிய கயிற்றுக்கு நன்றாக ஓடுகிறது. அரை மணி ஓடினால் நாக்கு வெளியே வருகிறது. பிறகு வேகவைத்த மத்தி. பிறகு தூக்கம். காலையும் மாலையும் இப்படியே. இந்திராணியின் கையை இரண்டு நாளாகத் தொடவில்லை.

என் கைக்குத்தான் வருகிறது. எங்கே போனாலும் அந்த ஒரே இடத்துக்கு, கட்டைவிரலுக்குக் கீழே.

2019 ஜனவரி 2, புதன்

இந்திராணி இன்று கோபத்தில் இருக்கிறாள். எழுத்து பெரிது பெரிதாக விழுவதிலேயே எனக்குத் தெரிகிறது.

நான் தனியாக இருக்கும்போது குட்டிக்குக் கையைக் கொடுக்கிறேனாம். கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள்.

"நா ஒரு பக்கம் பழக்குறேன், நீங்க ஒரு பக்கம் கெடுக்குறீங்க. அதைக் கொண்டுபோயி விடணும்னு உங்களுக்கு ஆசையா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"இல்ல தாயி."

"அப்பறம் எதுக்குக் குடுக்குறீங்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள். அவள் எழுதினால் இருக்கட்டும். நான் சொன்னது இதுதான்: அது பல்லை இறக்கும்போது எனக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான் கொடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். கடிக்கிறதா, விட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

"தெரிஞ்சு என்னா ஆவப்போவுது மாமா?" என்று கேட்டாள். இப்போது குரலில் கோபம் இல்லை.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 3

இந்திராணி என் கைக்கு மகனுடைய பழைய காலுறையை மாட்டிவிட்டாள். குட்டி அதைப் பார்த்துச் சீறியது. இருவரும் சிரித்தோம்.

ஜனவரி 7, திங்கள்

கடைசி ஊசி. நர்ஸம்மா "குட்டி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு, பொங்கல் வரைக்கும்" என்றாள் இந்திராணி.

ஜனவரி 10

காலுறை இல்லாமல் உட்கார்ந்தேன். குட்டி வந்து கையை முகர்ந்தது. வாயைத் திறந்தது. பல் தோலைத் தொடுவதைக் கண்ணால் பார்த்தேன். "ஆ" என்றேன். சின்னச் சத்தம்தான். அது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால், நான் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதை நான்கு தடவை செய்தேன். நான்காவது தடவை வாயைத் திறந்து, நக்கிவிட்டு மூடிக்கொண்டது.

ஜனவரி 13

கடி இல்லை. மூன்று நாளாக இல்லை. இந்திராணி இதை எழுதிவிட்டு அடிக்கோடு போட்டிருப்பதாகச் சொல்கிறாள்.

ஜனவரி 15, செவ்வாய், பொங்கல்

கௌசல்யா நேற்றே வந்துவிட்டாள். குட்டியைப் பின்கட்டில் கூடை போட்டுக் கவிழ்த்து, கூடைமேல் அம்மிக்கல் வைத்திருந்தாள் இந்திராணி. இரண்டு நாள் இப்படியே கழிந்தால் போதும் என்று நினைத்தேன். பழக்கியது போதுமா என்று யாரும் சோதிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பொங்கல் பானை வாசலில். எல்லாரும் அங்கே. நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உள்ளே கட்டிலில். அம்மிக்கல் இருந்தால் என்ன, கூடையின் பிரம்பு இற்றுப்போனது. கஜா அதைக் கடித்து வழி பண்ணிக்கொண்டு வந்துவிட்டது.

பிள்ளை தரையில் இருந்தாள். குட்டியைக் கண்டதும் "ங்கா" என்று தவழ்ந்து போய் அதன் காதைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் குட்டி தலையைத் திருப்பிப் பிள்ளையின் மணிக்கட்டை வாயில் வைத்துவிட்டது.

அப்போது என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பழகிய 'ஆ' இல்லை அது. வாசலில் குலவை நின்றுபோனது. குட்டி வாயைத் திறந்து, காதைப் பின்னால் மடித்து, தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்திராணி ஓடிவந்து பிள்ளையின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் கிழியவில்லை. இரண்டு சின்னக் குழி மட்டும், வெள்ளையாக.

"அழுத்தவே இல்ல மாமா" என்றாள். "காதைப் பிடிச்சு இழுத்தும் அழுத்தல. சும்மா வச்சிருக்கு." குட்டியைப் பார்த்து, "பொழைச்சிப்போ கழுதை" என்றாள். கௌசல்யா முறைத்தாள். "இருக்கட்டும்டி, இனிமே இது நம்ம வீட்டுப் பூனை" என்று இந்திராணி அவளிடம் சொல்லிவிட்டாள்.

நான் பிள்ளையின் கையை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் குழி இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பானையை இறக்கி இலை போடுவதற்குள் இரண்டும் நிரம்பி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

சாப்பிடவில்லை.

ஜனவரி 17, வியாழன், காணும் பொங்கல்

பேத்தியும் பிள்ளையும் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். இந்திராணி டைரியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்குக் கடி இல்லேன்னு எழுதிரவா?" என்றாள். இன்றைக்கு வேறு எழுதவேண்டும் என்றேன்.

பூங்காவனத்தை வெள்ளம் கொண்டுபோகவில்லை.

தையல்நாயகி மகனைக் கூட்டிக்கொண்டு தலைஞாயிறில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பூங்காவனம் தீபாவளிப் பாவாடையோடு, "அப்பாகிட்டயே இருக்கேன்" என்று நின்றுவிட்டாள். எங்களுக்குச் சோறாக்க மச்சினி வேதவல்லி இருந்தாள். உப்பளத்து ஓரம் குடிசை. கூரை போனதும் கங்காணி அடைக்கலம் எங்களைப் பனைக்கு இழுத்துப் போனார். ஒரே பனையில் நாலு பேர். பெரியவர்கள் மூவரும் சேலையால் கட்டிக்கொண்டோம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மாருக்கு வந்தது. நான் இடது கையால் மரத்தைப் பிடித்து, வலது கையால் பிள்ளையை மாரோடு அணைத்திருந்தேன். தகரம் பறந்து வந்தது. தலையில் படாமல் இருக்க, அந்தக் கையைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்து, முகத்தை என் நெஞ்சுக்குள் அழுத்திக்கொண்டேன். காற்றில் எதுவும் கேட்கவில்லை. விட்டுவிடக் கூடாது, விட்டுவிடக் கூடாது, இது ஒன்றுதான் மனசில். விடவில்லை. விடியும் வரை விடவில்லை.

விடிந்து பார்த்தபோது என் கையில் பல் பதிந்திருந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒரே இடத்தில் இல்லை, நாலைந்து இடத்தில். எல்லாம் கட்டைவிரலுக்குக் கீழே. தண்ணீர் முகத்துக்கு வந்திருக்கிறது. தூக்குப்பா என்று சொல்ல வாயில்லாமல் கடித்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

உயிருள்ள தோலில் பல் பட்டால் நிரம்பிவிடுகிறது, நேற்று முன்தினம் பார்த்தோமே. என் தோல் நிரம்பவில்லை. அந்தத் தடம் பதினோரு நாள் இருந்தது.

என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையை எடுத்தது வேதவல்லி. "அத்தான், அக்காகிட்ட வெள்ளம் கொண்டுபோச்சுன்னு சொல்லுங்க. இதைச் சொன்னா அக்கா உங்ககூட இருக்காது" என்றாள். ரோட்டோரம் எல்லாரையும் புதைத்த குழியில் பிள்ளையையும் வைத்தோம். பாவாடையோடு. தையல்நாயகி வந்து கேட்டபோது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வெள்ளம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் முப்பத்தொரு வருடம் முகம் பார்த்தாள். பக்கத்திலேயே நடந்து போனேன். ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

இந்திராணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தாதே என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் எழுதுகிறாள்.

"அந்தச் சத்தம் யாருக்கும் கேக்கலையா மாமா? புள்ள கத்தியிருக்கும்ல?"

அதைத்தான் நாற்பத்தொரு வருடமாகக் கேட்கவேண்டும் என்று இருக்கிறேன். மரத்துக்கு அந்தப் பக்கம் காற்று மறைவு. எனக்குக் கேட்காதது அங்கே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கலாம். கேட்டும் கை நீட்ட முடியாமல் இருந்திருக்கலாம். அப்பா என்று கூப்பிட்டாளா, வேறு ஏதாவது சொன்னாளா, எவ்வளவு நேரம். தெரிந்துகொள்ளாமல் போகப் பயமாக இருக்கிறது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

"பனையில இருந்ததுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள் இந்திராணி.

கங்காணி அடைக்கலம் தொண்ணூற்றொன்றில் போய்விட்டார். பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. என்னை விட்டால் ஒரே ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள். திருத்துறைப்பூண்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் போய்விட்டது, காது கேட்கிறது என்றார்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு என்னைக் கூட்டிப்போவதாக இந்திராணி சொல்கிறாள். பெயரை எழுதிக்கொள் என்றேன்.

வேதவல்லி.